ஏழாவது தாள்

காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளையின் ஜாதகம் கிழிந்தது. மாப்பிள்ளையின் அம்மா எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஹம்சவேணி பிரிண்டரின் முன்கதவைத் திறந்தாள். டோனரை உருவி மேஜையில் வைத்தாள். உள்ளே சிக்கிக் கிடந்த தாளை இரண்டு கையாலும் பிடித்து, தூங்கும் குழந்தையின் காதிலிருந்து தோடு கழற்றுகிற பதத்தில் இழுத்தாள். பாதிதான் வந்தது. தாளின் மேல் மூலை விசிறி மாதிரி மடிந்து, அங்கிருந்து ஒரு கிழிசல் கோணலாக ஓடி, ராசிக் கட்டத்தை அறுத்துக்கொண்டு போயிருந்தது.

லலிதாம்பாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். கிழிசல் போயிருந்தது ஏழாம் இடத்தில். கல்யாணத்தைச் சொல்லும் கட்டம்.

அவர் சத்தம் போடவில்லை. மகன் கிரிதரனின் போட்டோவை எடுத்துக் கட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். "இருக்கட்டும்மா. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். ஹம்சவேணியின் கைகளை ஒரு தரம் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது ஹம்சவேணிக்கு. அந்தப் பார்வைதான் சுட்டது.

பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது மங்கள தீபம் திருமணத் தகவல் நிலையம். முதலாளி ராதாகிருஷ்ணன் பட்டுச்சேலை வியாபாரத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு இதை ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஜாதகங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், 2003 பங்குனியில் கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வாங்கிப் போட்டார். ராசிக் கட்டம், நட்சத்திரம், கோத்திரம், படிப்பு, சம்பளம் எல்லாம் பளிச்சென்று ஒரே தாளில். கேட்டவருக்குக் கேட்ட நிமிடத்தில். மதுரையில் வேறு எங்கும் இப்படி இல்லை என்று ராதாகிருஷ்ணனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் பிரிண்டர் வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி ஓடியது. ஆனி பிறந்ததும் சனி பிடித்தது. தினமும் ஆறு, ஏழு தாள் உள்ளே போய்ச் சிக்கும். சிவப்பு விளக்கு சிமிட்டும். வேலை நிற்கும்.

ஜெராக்ஸ் கடையில் தாள் சிக்கினால் அது வெறும் தாள். இங்கே சிக்குவது ஒருத்தர் வீட்டுப் பெண்ணின் ஜாதகம், ஒருத்தர் வீட்டுப் பையனின் ஜாதகம். அது கசங்கி வெளியே வருவதைப் பார்த்த அம்மாக்கள் முகம் மாறினார்கள். அப்புறம் மெஷினை விட்டுவிட்டு மெஷினை இயக்குகிறவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முப்பத்து மூன்று வயது. கழுத்தில் தாலி இல்லை. அவளுடைய சொந்த ஜாதகமே இதே பீரோவில் நூற்றுப் பன்னிரண்டாம் நம்பராக மூன்று வருஷம் கிடந்து, போதும் என்று அவளே எடுத்துக் கிழித்துப் போட்டது. அவளுக்குக் கைராசி இல்லை என்ற பேச்சு மாடிப்படியில் தொடங்கி, பாத்திரக்கடை வரைக்கும் இறங்கிவிட்டது.

அன்றைக்கு லலிதாம்பாள் போன பிறகு ராதாகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் வீட்டிலும் அவள் வீட்டிலும் பேசுவது ஒரே சௌராஷ்டிர பாஷை. அவளுடைய அப்பாவைத் தெரிந்தவர். அதனால்தான் அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், காலண்டரைப் பார்த்தார், கடைசியில் சொன்னார். ஆடி முடிய இன்னும் பன்னிரண்டு நாள். ஆவணி பிறந்தால் கூட்டம் நெரியும். அதற்குள் இது சரியாகாவிட்டால் மெஷினை விற்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற டிடிபி கடையில் பிரிண்டு எடுக்கிற வேலையைக் கொடுத்துவிடப் போகிறார்.

"அப்ப நானு, சார்?" என்றாள் ஹம்சவேணி.

"மெஷினே இல்லாட்டி உனக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோச்சடையில் அவளும் அம்மாவும் இருக்கிற வாடகை வீட்டுக்கு இந்தச் சம்பளம்தான் கூரை. அது மட்டும் என்றால் வேறு எங்காவது தேடிக்கொள்ளலாம். உறவுக்காரர்களின் வீட்டு விசேஷங்களில் அவள் இன்னும் கல்யாணமாகாதவள். இந்த மாடியில் மட்டும்தான் அவள் ஹம்சவேணி. எழுநூறு ஜாதகங்களையும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். ராசியில்லாத கை என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்தப் படியில் இறங்கினால், மதுரையில் எந்தப் படியில் ஏற முடியும்?

சர்வீஸ் எஞ்சினியர் குருபிரசாத் அதற்குள் மூன்று தடவை வந்து போயிருந்தான். நல்ல பையன். மதுரை முழுக்க ஒற்றை ஆளாக ஸ்கூட்டரில் சுற்றுகிறவன். காலையில் ஆஸ்பத்திரி, கம்பெனி என்று பெரிய இடங்கள். பழங்காநத்தத்துக்கு வரும்போது சாயங்காலம் நாலு மணி ஆகிவிடும். வந்து, தன் பையிலிருந்து நாலு தாள் எடுத்து டிரேயில் போட்டு அடிப்பான். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி மெஷின் சமர்த்தாக ஓடும். இரண்டாவது தடவை தாளை இழுக்கிற ரப்பர் உருளையையே மாற்றிப் போட்டான். மூன்றாவது தடவை உள்ளே தூசி தட்டிவிட்டு, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

"மாப்ள, நீ வந்தாத்தான் இது ஒழுங்கா நிக்கிது. பேசாம இங்கனயே ஒரு பாயைப் போட்டுப் படுத்துரு" என்றார் பால்பாண்டி.

பால்பாண்டி அந்த ஆபீஸின் மூன்றாவது ஆள். அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். அலங்காநல்லூர் ரூட்டில் அவர் தோளில் ஒரு தரமாவது இடிக்காமல் ஏறி இறங்கியவர்கள் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்தார். டீ வாங்கி வருவார், தபால் ஒட்டுவார், வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பார். இது எல்லாவற்றையும் விட முக்கியமாக, தாள் எண்ணுவார்.

அதற்கு ஒரு கதை உண்டு. ஹம்சவேணிக்குப் பக்கத்து சீட்டில் கொஞ்ச நாள் இருந்த ஒரு பையன், தன் மச்சானின் காலேஜ் புராஜெக்ட் முன்னூறு பக்கத்தையும் இந்த மெஷினிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து தாள் கட்டுகள் பீரோவுக்குள் போய்விட்டன. தினமும் காலை பத்து மணிக்கு பால்பாண்டி பூட்டைத் திறந்து, நூறு தாள் எண்ணி, ஹம்சவேணியின் மேஜையில் வைப்பார். பச்சை டப்பாவில் நனைந்த ஸ்பாஞ்சு இருக்கும். விரலை அதில் தொட்டுத் தொட்டு, உதடு மட்டும் அசைய, டிக்கெட் கட்டைப் புரட்டுகிற வேகத்தில் எண்ணுவார். ஒரு நாள் கூடத் தொண்ணூற்றொன்பது ஆனதில்லை. நூற்றொன்றும் ஆனதில்லை. சிக்கிக் கெட்டுப்போன தாள்களைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்து, ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

முதலாளி கெடு வைத்த மறுநாள், அந்த நோட்டின் பின்பக்கத்தில் ஹம்சவேணி தனியாகக் கோடு போட்டாள். எத்தனை மணிக்குச் சிக்கியது, எத்தனை தாள் நன்றாக வந்த பிறகு சிக்கியது, தாளின் எந்தப் பக்கம் மடிந்தது என்று மூன்று கட்டம். எழுநூறு ஜாதகத்துக்குக் கட்டம் போட்டவளுக்கு ஒரு மெஷினுக்குக் கட்டம் போடத் தெரியாதா என்ன.

முதலில் ஆடிக் காற்றைச் சந்தேகப்பட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்க அடித்தாள். சிக்கியது. கரண்டைச் சந்தேகப்பட்டு, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தாள். சிக்கியது. அப்புறம், யாருக்கும் சொல்லாமல், தன் கையையே சந்தேகப்பட்டாள்.

முதலாளி வெளியே போயிருந்த நேரம் பால்பாண்டியைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். டிரேயில் தாள் வைத்ததும் அவர்தான். அவள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆறு தாள் வந்தது. ஏழாவது சிக்கியது.

பால்பாண்டி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராசியில்லாத கை உனக்கு மட்டும் இல்ல போல தாயி" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. கை இல்லை. தன் கை இல்லை. அது தெரிந்ததே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனால் அதை லலிதாம்பாளிடம் யார் போய்ச் சொல்வது?

ஐந்து நாளில் நோட்டு பேச ஆரம்பித்தது. சிக்குவது எல்லாம் காலையில். பத்தரையிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டரை வரை. சாப்பாட்டுக்குப் பிறகு அநேகமாக இல்லை. மடிவது எப்போதும் ஒரே மூலை. நன்றாக வந்த தாள்களின் கணக்கு: ஆறு, ஆறு, பதிமூன்று, ஆறு, இருபது. மறுநாள், பதிமூன்று, ஆறு, பதிமூன்று. சிக்கிய தாளையும் சேர்த்து எண்ணினால் ஏழு, ஏழு, பதினான்கு, ஏழு, இருபத்தொன்று. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மெஷினுக்கு ஏழு வரை எண்ணத் தெரியுமா?

சாயங்காலம் குருபிரசாத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். மெஷினில் ஏழுக்கு ஒரு தரம் சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது, ஏழு என்று வந்தால் அது மெஷினுக்கு வெளியே இருந்து வருகிறது என்றான் அவன். "என் தாள்ல சிக்கல, உங்க தாள்ல சிக்குது. தாளைப் பாருங்கக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் பால்பாண்டி வரவில்லை. ஊரில் பேத்திக்குக் காது குத்து. ராதாகிருஷ்ணனும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவசரத்தில் பீரோவைத் திறந்து, உறை பிரிக்காத ஒரு கட்டை அப்படியே அவள் மேஜையில் வைத்துவிட்டு, நாளைக்கு எண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு தாள் ஓடியது. ஒன்று கூடச் சிக்கவில்லை.

அடுத்த நாள் பால்பாண்டி வந்தார். எள்ளுருண்டை கொடுத்தார். நூறு தாள் எண்ணிக் கொடுத்தார். ஏழாவது தாள் சிக்கியது.

இவர் கைக்குத்தான் ராசி இல்லையோ என்று கூட ஒரு நிமிடம் ஹம்சவேணிக்கு நினைப்பு ஓடியது. உடனே தலையை உதறிக்கொண்டாள். மறுநாள் பத்து மணிக்கு, ஏதோ பேனா தேடுகிற மாதிரி பீரோ பக்கத்தில் நின்று அவர் எண்ணுவதைக் கவனித்தாள். முதல் ஆறு தாள் உலர்ந்த விரலிலேயே போயின. ஏழாவதுக்கு விரல் ஸ்பாஞ்சைத் தொட்டது. தாள், தாள், தாள், தாள், தாள், தாள், தாள். மறுபடி ஸ்பாஞ்சு. ஏழுக்கு ஒரு தரம், தப்பாமல். ஈர விரல் முதலில் படுகிற தாளின் மூலையில், நாலணா அளவுக்கு, தண்ணீர் மினுங்கியது. அடுத்த தாளிலேயே ஈரம் குறைந்துவிட்டது.

அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகச் சாய்த்துப் பார்த்தாள். பதினான்கு தாளில் மூலை லேசாக நெளிந்திருந்தது. அதில் பென்சிலால் புள்ளி வைத்துத் தனியே எடுத்தாள். மீதி எண்பத்தாறையும் ஓட்டினாள். மழை விட்ட ரோட்டில் பஸ் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. புள்ளி வைத்த பதினான்கை ஓட்டினாள். எட்டு சிக்கின. ஈரத்தில் தொய்ந்த மூலையை உருளை இழுக்கும்போது அது மடிந்து உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுவதால் குருபிரசாத் வரும்போது நோய் இல்லை. அவ்வளவுதான். இரண்டு மாதமாக ஊர் வாயில் விழுந்தது ஒரு சொட்டுத் தண்ணீருக்காக.

துள்ளிக் குதித்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போக எழுந்தவள், அந்தப் பச்சை டப்பாவைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதை வாங்கி வந்ததே அவள்தான்.

பால்பாண்டி முதலில் எச்சில் தொட்டுத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழித்த பழக்கம். நாக்கில் ஒரு தொடல், ஏழு தாள். மற்ற தாளாக இருந்தால் அவள் கண்டுகொண்டிருக்க மாட்டாள். ஜாதகம் அடிக்கிற தாள். பூஜையறையில் சாமி காலடியில் வைப்பார்கள். அதில் எச்சில் படலாமா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. வைகாசி கடைசியில் ஒரு நாள், அவர் மனம் நோகாமல், பேங்கில் இருக்கிற மாதிரி ஒரு ஸ்பாஞ்சு டப்பாவைக் கீழே கடையில் வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, அவர் முன்னால் வைத்தாள். அவரும் "இது தோதாத்தான் இருக்கு தாயி" என்று ஏற்றுக்கொண்டார். நாக்கு ஈரத்தில் சிக்காத தாள், ஸ்பாஞ்சு ஈரத்தில் சிக்கியது. ஆனியில் பிடித்த சனி, அவள் பையிலிருந்துதான் இறங்கியிருக்கிறது.

அன்று கோச்சடை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, ஒரு சுலபமான வழி அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. டப்பாவைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? பால்பாண்டி விரல் ஈரம் என்று சொன்னால் போதும். அவள் வேலை தப்பிவிடும். அவர் வேலை? முதலாளி அவரை வைத்திருப்பதே அந்த எண்ணிக்கைக்காகத்தான். ஈரமில்லாமல் அவரால் எண்ண முடியாது என்றால், ஆவணியில் படியிறங்குவது அவராக இருக்கும். அரசரடி தாண்டுவதற்குள் அந்தச் சுலபமான வழி அவளுக்குக் கசந்துவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு முன்னால் வந்து, பால்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவைப் பற்றியும் சொன்னாள்.

அவர் முகம் இறுகிவிட்டது. "முப்பத்தோரு வருசம் தாயி. எத்தன செக்கர் ஏறியிருப்பான். ஒரு டிக்கெட் கூடக் குறைய நின்னதில்ல" என்றார். தான் அவரைக் குறை சொல்லவில்லை, எண்ணிக்கை தப்பு இல்லை, ஈரம்தான் என்று அவள் திரும்பச் சொன்னாள். அவர் ஒரு கட்டை எடுத்தார். விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஈரம் தொடாமல் ஐம்பது எண்ணினார். விரல் வழுக்கியது. திருப்பி எண்ணினால் நாற்பத்தெட்டு. இன்னொரு தரம் எண்ணினார். ஐம்பத்தொன்று. கட்டைக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படிக்குப் போய் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"மாட்டுப் பொங்கலு மறுநா அலங்காநல்லூர் வண்டில கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு? படில தொங்குவான், கூரைல இருப்பான். ஏறும்போது எவனயும் எண்ண முடியாது. நான் என்ன செய்வேன் தெரியுமா? எறங்குற எடத்துல வாசல்ல நின்னுக்குவேன். ஒவ்வொருத்தனாத்தான எறங்கியாகணும்?"

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் பிரிண்டரின் மேல்பக்கம், தாள் வெளியே வந்து விழுகிற இடத்தைக் காட்டினார்.

"இதும் ஒண்ணொண்ணாத்தான வெளிய வருது? கைய வைக்காம எண்ணிக்கிறேன்."

இருவரும் சேர்ந்தே முதலாளி அறைக்குப் போனார்கள். ஹம்சவேணி நோட்டை விரித்துக் காட்டினாள். டப்பா வாங்கியது தான்தான் என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். பால்பாண்டி குறுக்கே விழுந்து, வாங்கியது யாராக இருந்தால் என்ன, நனைத்தது தன் விரல்தானே என்றார். ஒருவர் மேல் இன்னொருவர் பழி போடுவதை நிறையப் பார்த்திருந்த ராதாகிருஷ்ணனுக்கு, இந்தக் கூத்து புதிதாக இருந்தது. நோட்டைப் புரட்டினார். எண்ணிக் கொடுக்கச் சொன்னது யார் என்ற கேள்வி அந்த அறையில் நின்றது. யாரும் அதைக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது.

ஆனாலும் அவர் வியாபாரி. ஒரு சொட்டுத் தண்ணீர் இரண்டு மாதத்தைக் கெடுக்கும் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. லலிதாம்பாளை எப்படியோ சமாதானப்படுத்திப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். காலை பதினோரு மணிக்கு, அந்த அம்மா கண் முன்னால், ஹம்சவேணி கையாலேயே கிரிதரன் ஜாதகம் இருபது தாள் அடிக்கட்டும்.

"ஓடுனா ஓடட்டும். சிக்குனா அதோட பேச்சு முடிஞ்சிச்சும்மா" என்றார்.

புதன்கிழமை லலிதாம்பாள் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார். போன தடவை உட்கார்ந்த நாற்காலியில் உட்காராமல், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். ராதாகிருஷ்ணன் அவரிடம் தங்கள் பாஷையில் ஏதேதோ ஊர்ச் செய்தி பேசிக்கொண்டிருந்தார். லலிதாம்பாளின் காது மட்டும்தான் அங்கே இருந்தது. கண் ஹம்சவேணியின் கையில் இருந்தது.

பால்பாண்டி புதுக் கட்டை உறையோடு கொண்டுவந்து கொடுத்தார். ஹம்சவேணி பிரித்து, விசிறிவிட்டு, டிரேயில் வைத்துத் தள்ளினாள். பொத்தானை அழுத்தினாள்.

உர்ரென்று உள்ளே ஏதோ சுழன்றது. முதல் தாள் வந்தது. இரண்டு. மூன்று. பால்பாண்டி பிரிண்டர் பக்கத்தில், பின்படியில் நிற்கிறவர் மாதிரி ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நின்றார். உதடு மட்டும் அசைந்தது. ஐந்து. ஆறு.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே மெஷின் எப்போதும் எடுத்துக்கொள்கிற அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஹம்சவேணிக்கு அதற்குள் இரண்டு மாதமும் கண்ணில் ஓடியது. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது தாள் வந்து ஆறின் மேல் படுத்தது.

பதினான்காவதும் வந்தது. அதற்குப் பிறகு ஹம்சவேணி விளக்கைப் பார்க்கவில்லை. இருபதாவது விழுந்ததும் சத்தம் அடங்கியது.

"இருவது. எல்லாரும் எறங்கியாச்சு மொதலாளி" என்றார் பால்பாண்டி.

ராதாகிருஷ்ணன் எழுந்து, அந்தத் தாள்களை எடுத்து லலிதாம்பாளிடம் கொடுக்கக் கையை நீட்டினார். லலிதாம்பாள் அவரைத் தடுத்தார்.

"அந்தப் பொண்ணே குடுக்கட்டும்" என்றார்.

ஹம்சவேணி இருபது தாளையும் தட்டிச் சேர்த்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். லலிதாம்பாள் மேல் தாளில் ஏழாம் கட்டத்தை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். மழமழவென்று இருந்தது. தாளைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தக் கைகளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். போன தடவை அப்படிப் பார்த்திருக்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை போலிருந்தது. "நல்ல எடமா நீயே ஒண்ணு பாத்துச் சொல்லும்மா. நீ சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ராதாகிருஷ்ணன் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அது அவருக்கு வராது. தன் அறை வரைக்கும் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"ஆவணிக்கு எம்புட்டு ரீம் வேணும்னு எழுதிக் குடும்மா. ஐப்பசி வரைக்கும் சேத்தே எழுதிரு. அந்த டிடிபிக்காரனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்."

ஹம்சவேணி தலையாட்டினாள். நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் போட்டிருந்த கட்டங்களுக்குக் கீழே, தேதி போட்டு எழுத உட்கார்ந்தாள்.

பச்சை டப்பா தபால் மேஜைக்குப் போய்விட்டது. வெளியூருக்குப் போகிற ஜாதகக் கவர்களில் ஸ்டாம்பு ஒட்ட அது தோதாக இருந்தது. பால்பாண்டி கெட்டுப்போன தாள் நோட்டில் அன்றைய கணக்கை எழுத வந்தார். பக்கத்தைப் புரட்ட விரல் தன்னால் நாக்குக்குப் போனது. பாதி வழியில் ஹம்சவேணி பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இது ஜாதகம் இல்லண்ணே, வெறும் நோட்டுதான்" என்றாள் அவள். "தாராளமாத் தொட்டுக்கங்க."